முலுண்டில் பார்த்தது மான்குட்டியா, சருகுமானா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். மும்பையின் முலுண்டு மேற்கில், சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் சுவரை ஒட்டிய குடியிருப்பில் இருக்கிறீர்கள். போன வாரம் விடிகாலை நாலரை மணிக்கு உங்கள் இரவுக் காவலாளி போனில் 11 விநாடி வீடியோ எடுத்திருக்கிறார். முயல் அளவில் ஒரு பிராணி, உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், கொம்பு கிடையாது. சுவரோரம் கூட்டிக் குவித்திருந்த சருகில் எதையோ பொறுக்கித் தின்றுகொண்டிருந்ததாம். டார்ச் வெளிச்சம் பட்டதும் ஓடாமல் அப்படியே சிலையாக நின்றதாம். காவலாளி அதைப் ‘பிசோரி’ என்கிறார், தென்காசிக்காரரான உங்கள் மாமியார் ‘சருகுமான்’ என்கிறார், உங்கள் மகன் எலியும் மானும் கலந்து பிறந்த பிராணி என்கிறான். குடியிருப்பின் வாட்ஸப் குழுவிலோ, தாயைப் பிரிந்த மான்குட்டி, பிடித்துக் காப்பாற்ற வேண்டும் என்று பேச்சு. ‘இது என்ன விலங்கு, அரியதா’ என்றுதான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் பிடிப்பதா விடுவதா என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது. அதுதான் அவசரம் என்பதால் அதற்கு முதலில் பதில்: பிடிக்க வேண்டாம். அது மான்குட்டியாக இருந்தாலும் வேண்டாம், சருகுமானாக இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

நான் சயான் கோலிவாடாவில் வளர்ந்தவன். வனவிலங்கியல் படித்துவிட்டு, 19 ஆண்டுகளாக, மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியான சஹ்யாத்ரி காடுகளில் தானியங்கிக் கேமரா கட்டுவதும், அதில் விழும் படங்களை உட்கார்ந்து பிரிப்பதும்தான் என் வேலை. சிறுத்தைக்காகக் கட்டிய கேமராக்களில் தற்செயலாக விழுந்த சின்ன விலங்குகள்தான் நாளடைவில் என்னை அதிகமாகப் பிடித்துக்கொண்டன. அவற்றில் முதலிடம் சருகுமானுக்கு.

உங்கள் வீடியோவை நான் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பேசுகிறேன். அந்தப் பூங்காவில் அந்த அளவில் நாலு பிராணிகளுக்கு வாய்ப்பு உண்டு: காட்டு முயல், புள்ளிமான் குட்டி, கேளையாடு என்கிற குரைக்கும் மானின் குட்டி, சருகுமான். புள்ளி இருப்பதால் முயலை விட்டுவிடலாம். மற்ற மூன்றில்தான் குழப்பம். பிறந்த புள்ளிமான் குட்டி ஒன்று மூன்று, மூன்றரை கிலோ இருக்கும். நன்றாக வளர்ந்த சருகுமானும் அதே எடைதான், இரண்டிலிருந்து நாலு கிலோ. அதனால் எடையையும் அளவையும் வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. உருவத்தைப் பார்க்க வேண்டும். மான்குட்டி என்பது நீளமான கால்களுக்கு மேல் வைத்த சின்ன உடம்பு, பார்த்தாலே ‘இன்னும் வளரப்போகிறது’ என்று தெரியும். சருகுமான் அப்படி இருக்காது. தோள் உயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர்தான். கால்கள் பென்சில் கனம், உடம்பு உருண்டை, முதுகு வளைவு, பின்பக்கம் முன்பக்கத்தைவிடத் தூக்கலாக இருக்கும். தலையைத் தாழ்த்தி மூக்கைத் தரையோடு வைத்துக்கொண்டு, கால் விரல் நுனியில் நடப்பது போல நடக்கும். புள்ளிகளிலும் வித்தியாசம் உண்டு. சருகுமானின் விலாவில் அவை தனித்தனியாக நிற்காமல் வரிசை கட்டி, சில இடங்களில் இணைந்து கோடுகளாகவே ஆகிவிடும். எல்லாவற்றையும்விட உறுதியான அடையாளம் கழுத்து. தாடைக்குக் கீழே, தொண்டையில், வெள்ளைப் பட்டைகள் தெளிவாக ஓடும். புள்ளிமான் குட்டிக்கோ கேளையாட்டுக் குட்டிக்கோ இந்தப் பட்டைகள் இல்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, அது தலையைத் தூக்கும் ஒரு நொடியில் தொண்டையைப் பாருங்கள். பட்டை தெரிந்தால் உங்கள் மாமியார் சொன்னதுதான் சரி. அவர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தென்காசி, குற்றாலம், அம்பாசமுத்திரம் பக்கத்து மலையடிவார ஆட்கள் மிளா என்ற கடமானையும் கேளையாட்டையும் சருகுமானையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதில்லை.

அடுத்தது, அது மானா என்பது. பெயரில் மான் இருக்கிறது, குளம்பு இருக்கிறது, அசைபோடுகிறது. ஆனாலும் உயிரியல் கணக்கில் சருகுமான் மான் குடும்பத்தில் இல்லை. எலிக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. ‘எலிமான்’ என்பது ஆங்கிலப் பெயரின் மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். புள்ளிமான், மிளா, கேளையாடு மூன்றும் ஒரே குடும்பம். சருகுமான் தனிக் குடும்பம், டிராகுலிடே என்று பெயர். அசைபோடும் விலங்குகளின் பெரிய மரத்தில், மாடும் ஆடும் மானும் ஒட்டகச்சிவிங்கியும் தனித்தனியாகப் பிரிவதற்கு முன்பே, நாலு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், தனியாகக் கிளை பிரிந்து போனவற்றின் வாரிசு இது. இன்று அந்தக் குடும்பத்தில் உலகம் முழுவதும் சுமார் பத்து இனங்கள்தான் மிச்சம். பெரும்பாலானவை தென்கிழக்கு ஆசியாவில், மற்றவை இந்தியாவிலும் இலங்கையிலும், ஒரே ஒன்று ஆப்பிரிக்காவில்.

அந்தப் பழமை அதன் உடம்பில் எங்கும் தெரிகிறது. மாட்டுக்கும் மானுக்கும் வயிறு நாலு அறை. அதில் புத்தகத் தாள் போல மடிப்பு மடிப்பாக இருக்கும் அறை சருகுமானுக்குச் சரியாக உருவாகவே இல்லை, கிட்டத்தட்ட மூன்று அறை வயிற்றோடு அசைபோடுகிறது. கொம்பு ஆணுக்கும் இல்லை, பெண்ணுக்கும் இல்லை. அதற்குப் பதில் ஆணின் மேல்தாடையில் கோரைப்பல் நீண்டு உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும், ஆண்கள் சண்டையிடுவது அதை வைத்துத்தான். மானுக்குப் பக்கவாட்டு விரல்கள் தேய்ந்து பெயருக்குத் தொங்கும். இதற்கு ஒவ்வொரு காலிலும் நாலு விரல்களும் எலும்போடு முழுசாக இருக்கின்றன, பன்றிக்கு இருப்பதைப் போல. நஞ்சுக்கொடி கருப்பையில் ஒட்டியிருக்கும் விதமும் மாட்டைப் போல இல்லாமல் பன்றியைப் போலத்தான். இதில் எனக்கு வியப்பு தருவது என்னவென்றால், தெலுங்கு பேசும் பக்கங்களில் இதற்குப் பழைய பெயர் ‘குரு பந்தி’, பந்தி என்றால் பன்றி. ஆய்வுக்கூடத்தில் அறுத்துப் பார்க்காமலே, காட்டில் அதன் நடையையும் மூக்கையும் பார்த்தே அவர்கள் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கோரைப்பல்லைப் பார்த்துவிட்டுச் சிலர் இதைக் கஸ்தூரிமான் என்பார்கள். உங்கள் வாட்ஸப் குழுவிலும் யாராவது சொல்லக்கூடும். கஸ்தூரிமான் இமயமலைக் குளிரில் வாழ்வது, அதுவும் வேறொரு தனிக் குடும்பம். மும்பையில் அது கிடையாது. ஆனால் இந்தக் குழப்பம் படித்தவர்களுக்கும் இருந்தது. சருகுமானின் அறிவியல் பெயர் மோஸ்கியோலா இண்டிகா. மோஸ்கஸ் என்பது கஸ்தூரிமான், மோஸ்கியோலா என்றால் குட்டிக் கஸ்தூரிமான் என்பது போல. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது, ஆனால் இதன் உடம்பில் கஸ்தூரி கிடையாது. ‘கஸ்தூரி இருக்கிறது’ என்ற பேச்சு பரவினாலே பிடிக்க ஆள் வந்துவிடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இலங்கையில் இதன் பெயர் மீமின்னா. கண்டி ராஜ்ஜியத்தில் சுமார் 20 ஆண்டு சிறைப்பட்டிருந்து 1679-இல் தப்பிய ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர், முயல் அளவே உள்ள, எல்லா வகையிலும் மானை ஒத்த, சாம்பல் நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட பிராணி என்று இதைப் பற்றி எழுதிவைத்தார். வெகுகாலம் இந்தியாவில் இருப்பதும் இலங்கையில் இருப்பதும் ஒரே இனம் என்றுதான் நினைத்திருந்தார்கள். 2005-இல் காலின் குரோவ்ஸும் எரிக் மெய்யார்டும் மண்டை ஓடுகளையும் தோல்களையும் ஒப்பிட்டு, இந்தியாவுக்கு ஒன்று, இலங்கையின் உலர்ந்த பகுதிக்கு ஒன்று, ஈரமான பகுதிக்கு ஒன்று என மூன்றாகப் பிரித்தார்கள். மலேசியாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு இதன் உறவினத்தை நன்றாகத் தெரியும். அங்கே ‘கஞ்சில்’ என்று பெயர், புலியையும் முதலையையும் புத்தியால் ஜெயிக்கும் நாட்டுப்புறக் கதைகளின் நாயகன். மலாக்கா மாநிலச் சின்னத்தில் இரண்டு கஞ்சில்கள் நிற்கின்றன.

தமிழ்ப் பெயர்தான் எனக்கு எல்லாவற்றிலும் பொருத்தமாகப் படுகிறது. இந்தப் பிராணியின் வாழ்க்கையே சருகில்தான். நிறம் சருகு நிறம், மேலே உள்ள வெள்ளைப் புள்ளி இலைகளுக்கிடையே விழும் வெளிச்சத் துண்டுகள் போல. பகலில் புதருக்குள்ளோ, பாறை இடுக்கிலோ, மரப்பொந்திலோ படுத்துவிடும். உள்ளே கூடான மரத்தில் புகுந்து உட்புறமாகவே கொஞ்சம் மேலேறிக்கொள்ளும் என்றும் பதிவுகள் உண்டு. பொழுது சாய்ந்த பிறகு வெளியே வந்து, விடிவதற்குள் திரும்பிவிடும். நாலரை மணி என்று நீங்கள் எழுதியதும் எனக்குச் சருகுமான் பக்கம் மனம் சாய்ந்ததற்கு அது ஒரு காரணம். கூட்டம் சேராது, பெரும்பாலும் தனி, சில சமயம் ஜோடி அல்லது தாயும் குட்டியும். உங்கள் பக்கத்துக் காட்டில் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் கார்வி இருக்கிறதே, நம் குறிஞ்சியின் உறவுச் செடி, அந்தப் புதர்களின் அடிப்பகுதி இதற்கு நல்ல மறைவிடம். மேலே இலை மூடியிருக்கும், கீழே சின்ன உடம்பு புகுந்து போக மட்டும் வழி இருக்கும்.

வெளிச்சம் பட்டதும் சிலையாக நின்றது என்றீர்கள். அதுதான் அதன் முதல் பாதுகாப்பு. அசையாமல் நின்றால் சருகுக்குள் சருகாகிவிடும், மிக அருகில் வரும்வரை நகராது. அதற்கு மேலும் நெருங்கினால் சட்டென்று பாய்ந்து புதருக்குள் மறையும். அதன் ஓட்டம் குறுகிய தூரத்துக்குத்தான். புள்ளிமான் மாதிரி திறந்தவெளியில் ஓடித் தப்பிக்கும் உடம்பு அதற்கு இல்லை. சிறுத்தை, காட்டுப்பூனை, மலைப்பாம்பு, பெரிய கழுகுகள் எல்லாவற்றுக்கும் இது இரை. இத்தனை பேருக்கு நடுவே இத்தனை கோடி ஆண்டு பிழைத்தது ஒளிந்தே பிழைத்ததுதான்.

சாப்பாடு பெரும்பாலும் கீழே விழுந்தவை: பழம், பூ, விதை, இளந்தளிர். புல்லை மேய்ந்தே வயிற்றை நிரப்பும் பிராணி அல்ல, அதன் சின்ன வயிற்றுக்குச் சத்தான தீனி வேண்டும். அத்திப் பழம் உதிரும் மரத்தடி என்றால் அதற்கு விருந்து. முதுமலையில் நெல்லி மரங்களை வைத்து நடந்த ஆய்வில் ஓர் அழகான விஷயம் தெரிந்தது. புள்ளிமானும் கேளையாடும் சருகுமானும் உதிர்ந்த நெல்லிக்காயை முழுசாக விழுங்குகின்றன. பிறகு எங்கோ ஒரு மறைவில் படுத்து அசைபோடும்போது, சதையை மட்டும் எடுத்துக்கொண்டு கொட்டையைத் துப்பிவிடுகின்றன. தாய் மரத்திலிருந்து விலகி, வேறு இடத்தில், சுத்தமான கொட்டையாக விழுகிறது. அடுத்த நெல்லி மரம் அங்கே முளைக்க வழி பிறக்கிறது. உங்கள் சுவரோரச் சருகுக் குவியலுக்குப் பக்கத்தில் அத்தியோ வேறு பழ மரமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஏன் அங்கே வந்தது என்பதற்குப் பதில் கிடைத்துவிடும்.

இனப்பெருக்கத்தில் சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது: கர்ப்பகாலம் ஏறக்குறைய ஐந்து மாதம், பெரும்பாலும் ஒரு குட்டி, சில சமயம் இரண்டு. தென்கிழக்கு ஆசியச் சருகுமான்களில், குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே பெண் மறுபடி இணைசேர்ந்து கருவுற்றுவிடும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். அதாவது வளர்ந்த பெண் ஒன்று தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கர்ப்பமாகவே கழிக்கிறது. பிறந்த குட்டியைத் தாய் கூடவே அழைத்துக்கொண்டு அலையாது. ஓரிடத்தில் ஒளித்துவைத்துவிட்டு மேயப் போகும், பால் கொடுக்க மட்டும் வரும். புள்ளிமானும் முதல் சில நாட்கள் இதையேதான் செய்கிறது. உங்கள் குழுவில் பேசுகிற ‘தாயைப் பிரிந்த குட்டி’ என்பது பத்தில் ஒன்பது முறை தாய் ஒளித்துவைத்த குட்டிதான். நாம் தூக்கிக்கொண்டு வந்தால்தான் அது தாயைப் பிரிகிறது.

இணையத்தில் தேடினால் ‘சருகுமான்தான் திமிங்கிலத்தின் மூதாதை’ என்று உங்கள் மகன் கண்ணில் படலாம். அதில் எது உறுதி, எது மிகை என்று பிரித்துச் சொல்கிறேன். ஆப்பிரிக்கச் சருகுமான் ஆபத்து வந்தால் ஆற்றில் குதித்து மூழ்கித் தப்பும், அது வெகுநாளாகத் தெரிந்தது. போர்னியோவிலும் இலங்கையிலும் உள்ள இனங்களும் துரத்தப்படும்போது நீருக்குள் மூழ்கியதை நேரில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். இவை உறுதியானவை. நம் ஊர் இனம் அப்படிச் செய்ததை என் 19 ஆண்டில் நான் பார்த்ததில்லை. அப்புறம் திமிங்கிலக் கதை. நிலவியலாளர் ஏ. ரங்கா ராவ் ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் சேகரித்துவைத்த பாறைகள் அவர் மறைவுக்குப் பின் ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் போயின. அவற்றுக்குள் சுமார் 4 கோடியே 80 லட்சம் ஆண்டுக்கு முந்தைய இண்டோஹையஸ் என்ற சிறு குளம்பு விலங்கின் எலும்புகள் இருந்தன. அதன் காது எலும்பு திமிங்கிலத்துக்கே உரிய வடிவத்தில் இருந்தது, கால் எலும்புகள் நீரில் இறங்கி நடக்கும் விலங்கினுடையவை போலக் கனத்திருந்தன. 2007-இல் அது வெளியானபோது பத்திரிகைகள் உருவ ஒற்றுமைக்காகச் சருகுமானைப் பக்கத்தில் போட்டன. இண்டோஹையஸ் பார்க்கச் சருகுமான் போல இருந்திருக்கும், திமிங்கிலத்துக்கு நெருங்கிய உறவு. சருகுமானோ வேறு கிளை, திமிங்கிலத்துக்குத் தூரத்து உறவு மட்டுமே. உங்கள் மகனுக்குச் சொல்வதற்கு இன்னொன்றும் தருகிறேன், இதில் சந்தேகமே இல்லை. பாலூட்டிகளிலேயே மிகச் சிறிய சிவப்பணு இந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறது. நம் சிவப்பணு ஏழு மைக்ரான் குறுக்களவு, ஜாவாவைச் சேர்ந்த இதன் உறவினத்துக்கு இரண்டு மைக்ரான்கூட முழுசாக வராது.

இது அரிய விலங்கா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உலக அளவிலான செம்பட்டியலில் உடனடி ஆபத்து இல்லாத இனமாகத்தான் வைத்திருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்கு மலைகள், மத்திய இந்தியக் காடுகள் எனப் பரவலாக இருக்கிறது. ஆனால் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிச் சொல்வது வேறு விஷயம். புலி, சிறுத்தைக் கணக்கெடுப்புக்குக் கேமராவை முழங்கால் உயரத்தில் கட்டுவோம். சருகுமானின் முதுகு அதற்குக் கீழேயே போய்விடும். எத்தனையோ படங்களில் எனக்குக் கிடைத்தது படச்சட்டத்தின் அடியோரத்தில் இரண்டு காது, அல்லது ஒரு முதுகு வளைவு. ஒரு கோடையில், வேறொரு காட்டில், பழைய கேமராக்களுக்குப் பக்கத்திலேயே ஒரு சாண் உயரத்தில் சிலவற்றைக் கட்டிப் பார்த்தோம். ‘இங்கே சருகுமான் அபூர்வம்’ என்று நான் எழுதிவைத்திருந்த ஒரு ஓடைக்கரையில் ஒரே வாரத்தில் ஆறு இரவு வந்திருந்தது. அன்றிலிருந்து ‘அபூர்வம்’ என்ற சொல்லை எழுதும் முன் கேமராவின் உயரத்தைக் கேட்கிறேன்.

இப்போது ஏன் பிடிக்கக் கூடாது என்பதற்கு வருகிறேன். இதை எழுத எனக்குச் சிரமம்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது ஆண்டு, சஹ்யாத்ரி அடிவாரத்துக் கிராமம் ஒன்றில் நல்ல மனதோடு சிலர் ஒரு சருகுமானைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார்கள். நாய் துரத்தியதாம், நாலைந்து பேர் சேர்ந்து வளைத்துச் சாக்கில் போட்டு எடுத்துவந்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. நானும் கூட இருந்தவர்களும் அதை ஒரு அறையில் வைத்து, தண்ணீரும் பழமும் வைத்து, அரை மணிக்கு ஒரு தடவை கதவைத் திறந்து நன்றாக இருக்கிறதா என்று பார்த்தோம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது சுவரில் மோதியது. மறுநாள் பின்னங்கால் இரண்டும் விறைத்துக்கொண்டன. மூன்றாம் நாள் காலை இறந்துவிட்டது. துரத்திப் பிடிக்கப்படும் மான்களுக்கும் சருகுமான்களுக்கும் இது நடக்கும். பயத்திலும் திமிறலிலும் தசைகள் உள்ளுக்குள்ளேயே சிதையும், சிதைந்தவை ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கும். வெளியே காயமே தெரியாது, சாவு ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட வரும். நாங்கள் இருட்டில் ஒரு பெட்டிக்குள் விட்டு, தொந்தரவு செய்யாமல், அன்று மாலையே பிடித்த இடத்தில் விட்டிருந்தால் பிழைத்திருக்குமோ என்று இன்றைக்கும் நினைப்பேன். திறந்து திறந்து பார்த்தது கண்டிப்பாகத் தவறு.

சட்டமும் இதையே சொல்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சருகுமான் முதல் பட்டியலில் இருக்கிறது, புலியும் சிறுத்தையும் இருக்கும் அதே பட்டியல். வேட்டையாடினால் மூன்றிலிருந்து ஏழு ஆண்டு சிறை. பிடித்து வீட்டில் வைத்துக்கொள்வதும் குற்றம். காயம்பட்டுக் கிடந்தாலோ, நாய் கடித்திருந்தாலோ, மகாராஷ்டிர வனத்துறையின் 1926 எண்ணுக்குப் பேசுங்கள். ஆள் வரும்வரை யாரும் கிட்டே போகாமல், நாய்களை மட்டும் விரட்டிக்கொண்டு, தூரத்தில் நில்லுங்கள். தண்ணீர் புகட்ட வேண்டாம், புகைப்படம் எடுக்கச் சுற்றி நிற்க வேண்டாம். காயமில்லாமல் சருகில் மேய்ந்துகொண்டிருந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. டார்ச்சை அணைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டியதுதான். அடைத்து வளர்க்கவே முடியாதா என்றால், பயிற்சி பெற்றவர்களால் முடியும். ஹைதராபாத் நேரு விலங்கியல் பூங்காவில், அங்குள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வாளர்களோடு சேர்ந்து, 2010 வாக்கில் சருகுமானை இனப்பெருக்கம் செய்யத் தொடங்கினார்கள். அங்கே பிறந்தவற்றைப் படிப்படியாகப் பழக்கி அம்ராபாத் புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அதற்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பும், மறைவிடம் வைத்துக் கட்டிய கூண்டும், ஆள் நடமாட்டக் கட்டுப்பாடும் இருக்கின்றன. ஒரு பால்கனியில் அது நடக்காது.

உங்கள் குடியிருப்பால் செய்ய முடிந்தது இரண்டு உண்டு. சுவரோரம் சருகைக் குவித்து வாரம் ஒருமுறை எரிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எரிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை அந்தக் காடு முழுக்க இலை உதிர்த்துக் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி சுவர் தாண்டினால் போதும். தரையோடு வாழும் பிராணிக்குக் காட்டுத்தீயில் ஓடித் தப்ப வழி குறைவு. சருகை அப்படியே மக்க விட்டால் உங்கள் தோட்டத்துக்கே உரம். இரண்டாவது, குப்பை. சுவருக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கழிவு விழுந்தால் தெருநாய்கள் சேரும். காட்டு ஓரங்களில் சருகுமானுக்கு நாய் பெரிய அபாயம். சிறுத்தையிடம் அதற்கு ஒளிந்து தப்பிப் பழக்கம் உண்டு, மோப்பம் பிடித்துக்கொண்டு நாலைந்தாக வரும் நாய்க்கூட்டத்திடம் அந்த வித்தை பலிக்காது. அந்த நாய்களைத் தேடிச் சிறுத்தையும் சுவரோரம் வரும் என்பது முலுண்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே வீடியோவைப் பார்த்துவிட்டு யாரும் விடிகாலை நாலு மணிக்குச் சுவரோரம் போய்க் காத்திருக்க வேண்டாம், குழந்தைகளை அனுப்பவே வேண்டாம்.

உங்கள் காவலாளியைப் பற்றி ஒரு வார்த்தை. மராத்தியில் சருகுமானுக்குப் பிசோரி என்றுதான் பெயர். அவர் சொன்னதும் உங்கள் மாமியார் சொன்னதும் ஒரே விலங்கைத்தான். இந்தப் பெயர் தெரிந்தவர் பெரும்பாலும் காட்டோரக் கிராமத்தில் வளர்ந்தவராக இருப்பார். வியட்நாமில் வெள்ளிமுதுகுச் சருகுமான் என்ற இனம் 25 ஆண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை, அழிந்தே போயிருக்கலாம் என்று நினைத்திருந்தார்கள். ஆய்வாளர்கள் உள்ளூர் ஆட்களிடம் உட்கார்ந்து கேட்டார்கள். சாம்பல் நிறத்தில் ஒன்று உண்டு என்று அவர்கள் சொன்ன இடங்களில் கேமரா கட்டினார்கள். 2019-இல் அதன் படங்கள் வெளியாயின. அதனால் உங்கள் காவலாளியிடம் கொஞ்சம் பொறுமையாகப் பேசிப் பாருங்கள். இதற்கு முன் எங்கே பார்த்திருக்கிறார், இங்கே வருவது இது முதல் தடவையா, வேலி ஓட்டை ஏதாவது வழியாகத் தினமும் வந்துபோகிறதா, கூட இன்னொன்று இருந்ததா என்று கேளுங்கள். வீடியோவை வாட்ஸப்பில் அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும், அவர் போனிலேயே வைத்துத் தொண்டைப் பட்டையைத் தேடுங்கள். ஒலியையும் கூட்டிக் கேட்டுப் பாருங்கள். தென்கிழக்கு ஆசிய இனங்கள் பயந்தால் பின்னங்காலால் தரையில் படபடவென்று தட்டும், நொடிக்கு நாலு முதல் ஏழு தடவை. நம் ஊர் சருகுமான் தட்டி நான் கேட்டதில்லை. அந்த 11 விநாடியில், காய்ந்த சருகின் மேல், அப்படி ஒரு சத்தம் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.